கியர்பாக்ஸ் போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் போகும்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

மெக்கானிக் "கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கணும்" என்று சொன்னதும் நிறையப் பேருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, எவ்வளவு இழுக்கும் என்று தெரியாது, அவர் சொல்வது சரியா என்றும் தெரியாது. அதனால் இரண்டில் ஒன்று நடக்கிறது. சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஒரு சென்சாரில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு முழு கியர்பாக்ஸையே மாற்றுகிறார்கள். இல்லையென்றால், ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டு, ஆயில் மாற்றினாலே சரியாகியிருக்கக்கூடிய வண்டி நடுரோட்டில் நிற்கும்வரை ஓட்டுகிறார்கள். இரண்டையும் தவிர்க்க நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வண்டி என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்று கவனிக்கத் தெரிந்தால் போதும். கியர்பாக்ஸ் பெரும்பாலும் ஒரே நாளில் போவதில்லை, வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் அறிகுறி காட்டிவிட்டுத்தான் போகும்.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். எஞ்சின் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இழுக்காது. நிமிடத்துக்கு 700, 800 சுற்றுக்கு வெகுவாகக் கீழே போனால் அணைந்துவிடும், பெட்ரோல் எஞ்சினுக்கு 6,000, 7,000 சுற்றுக்குப் பக்கத்தில் எல்லை வந்துவிடும், டீசலுக்கு அதற்கும் முன்பே. சக்கரமோ நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலும் போக வேண்டும். இந்த இரண்டையும் பொருத்தி வைப்பதுதான் கியர்பாக்ஸ். மேனுவல், ஆட்டோமேட்டிக் என்று வகை எதுவானாலும் அதற்குள்ளே இருப்பவற்றை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்: பற்சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளும், உராய்ந்து பிடிக்கும் கிளட்ச் போன்ற பாகங்கள், ஆயில், அப்புறம் எப்போது எந்த கியர் என்று கட்டளை போகும் வழி. அந்த வழி மேனுவலில் கேபிளும் லிவரும், ஆட்டோமேட்டிக்கில் கம்ப்யூட்டர், சென்சார், மின்சாரத்தால் ஆயில் வழியைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகள்.

பற்சக்கரம் உடைவது அபூர்வம். உராயும் பாகங்கள் தேயும், ஆயில் கெடும், கட்டளை தடுமாறும். கியர்பாக்ஸ் கோளாறு என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம், மூன்றையும் கவனிக்காமல் விட்டால் கடைசியில் பற்சக்கரமும் சேர்ந்து போகும். ஆகவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தேய்மானமா, ஆயிலா, கட்டளையா? பதிலைப் பொறுத்துத்தான் செலவு சின்னதா பெரிதா என்பது.

மேனுவல் வண்டியில்

இங்கே கியர்பாக்ஸைவிட அதிகம் தொல்லை தருவது கிளட்ச். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி மட்டும் அதற்கேற்ற மாதிரி போகவில்லை, மேட்டில் ஏறும்போது இது இன்னும் மோசமாகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். காலியான, சமமான சாலையில் நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று) முள்ளையும் வேக முள்ளையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல கிளட்ச் என்றால் இரண்டும் கைகோத்துக்கொண்டு மெதுவாக ஏறும். தேய்ந்த கிளட்ச் என்றால் ஆர்பிஎம் முள் மட்டும் 2,000லிருந்து 3,500க்குத் துள்ளிவிடும், வேக முள் இருந்த இடத்திலேயே நிற்கும், பின்னாலேயே ஒரு கருகல் வாடை வரும். உயர்ந்த கியரில் செய்யச் சொல்வதற்குக் காரணம், கிளட்சுக்குச் சுமை அங்கேதான் அதிகம், ஆரம்பகட்ட வழுக்கலும் அங்கேதான் முதலில் தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற கிளட்ச் பிளேட்டையும் கருக்கிவிடுவீர்கள்.

இப்படித் தெரிந்தால் கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரு செட்டாக மாறும். இறக்கும்போது எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து ஆயில் கசிந்து கிளட்ச் பிளேட்டில் பட்டுத்தான் வழுக்கல் வந்திருக்கிறது என்றால், சீலை விட்டுவிட்டுப் புது பிளேட் போட்டு ஒரு பயனும் இல்லை, அதுவும் சீக்கிரமே நனைந்துபோகும்.

அடுத்த புகார், கியர் விழவில்லை, அல்லது கர்ரென்று சத்தத்தோடு விழுகிறது என்பது. இதில் கிளட்ச் குற்றமா கியர்பாக்ஸ் குற்றமா என்று பிரிப்பது மிக எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சினை ஓடவிட்டதும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம். பெடலை அழுத்தினாலும் எஞ்சினின் சுழற்சி கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் அதன் ஆயில் குறைந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம், சிலிண்டர் கசியலாம். நிறைய வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான், பானெட்டைத் திறந்து அதில் அளவைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கேபிள் கிளட்ச் என்றால் கேபிளை இழுத்துக் கட்டினாலே சரியாகலாம். இதற்கெல்லாம் கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்கும்போதும் கியர் விழவில்லை என்றால் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் கேபிள், அதன் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் இவற்றை முதலில் பார்க்க வேண்டும், அங்கே எல்லாம் நன்றாக இருந்தால்தான் உள்ளே போக வேண்டும்.

ஒரே ஒரு கியரில் மட்டும் கர்ரென்றால் கதை வேறு. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும் சத்தம், மற்றதெல்லாம் வெண்ணெய் மாதிரி விழுகிறது என்றால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. பொதுவாகப் பித்தளையில் செய்த சின்ன வளையம் அது. வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு பற்கள் மோதாமல் கோத்துக்கொள்ள வழிவிடும். 1928இல் கேடிலாக் கார்களில்தான் இது முதலில் வந்தது, அதற்கு முன்னால் டிரைவர்கள் காதால் கேட்டு, காலால் சமாளித்துத்தான் கியர் மாற்றினார்கள். சிங்க்ரோ தேய்ந்தால் கியர்பாக்ஸைப் பிரித்தாக வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு முறை சரியான வகை ஆயில் மாற்றிப் பாருங்கள். தவறான ஆயில் ஊற்றியிருந்தால் சிங்க்ரோவுக்குப் பிடிமானம் கிடைக்காது, தேயாமலேயே தேய்ந்தது போல நடந்துகொள்ளும். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் மட்டும் கியர் கனமாக இருந்து அப்புறம் இளகுவது தடித்த ஆயிலின் குணம், அதற்குக் கவலைப்பட வேண்டாம். ரிவர்ஸில் மட்டும் சத்தம் வருகிறதென்றால், நிறைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோவே கிடையாது, கிளட்சை அழுத்தி இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போட்டுப் பாருங்கள்.

சத்தத்தை வைத்தும் நிறையக் கண்டுபிடிக்கலாம். வண்டி நிற்கிறது, நியூட்ரல், எஞ்சின் ஓடுகிறது. கிளட்சை மிதிக்காதபோது ஒரு உறுமல் கேட்டு, மிதித்ததும் நின்றுவிட்டால் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படலாம், ஏனென்றால் மிதித்ததும் அந்த ஷாஃப்ட் சுற்றுவது நிற்கிறது. தலைகீழாக, மிதிக்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். ஒரு குறிப்பிட்ட கியரில் ஓடும்போது மட்டும் ஊளை என்றால் அந்த கியரின் பற்களோ அதன் பேரிங்கோ. பேரிங் சத்தத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், ஷாஃப்ட் ஆடினால் பற்கள் நேராகச் சேராது, உதிரும் இரும்புத் துகள் ஆயிலில் கலந்து மற்ற எல்லாவற்றையும் அரைக்கும். ஒரு பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை முழு கியர்பாக்ஸாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறதா? அது ஆபத்து, முந்திச் செல்லும்போதோ இறக்கத்திலோ நடந்தால் எஞ்சினின் பிடி சட்டென்று போய்விடும். கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் உடைந்து அது ஆடுவதாலும் வரும், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கோ பற்களின் முனையோ தேய்ந்ததாலும் வரும். மவுண்ட் சரியாக இருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில்

பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் இருந்த ஹைட்ராமேட்டிக். அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. ஆயிலை அழுத்தத்தில் அனுப்பி, உள்ளே இருக்கும் பல கிளட்ச் தட்டுகளில் சிலவற்றை இறுக்கி, சிலவற்றை விட்டு, கியரை மாற்றுகிறது. இங்கே ஆயில் வெறும் மசகு இல்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழியாக எஞ்சினின் விசையைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில்தான். அதனால்தான் ஆட்டோமேட்டிக்கில் ஆயில் ஒரு லிட்டர் குறைந்தாலே குணம் மாறிவிடுகிறது.

முதலில் தெரிவது பெரும்பாலும் தாமதம். பிரேக்கை மிதித்துக்கொண்டு பார்க்கிலிருந்து டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ மாற்றினால் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் வண்டி லேசாகக் குலுங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டு தட்டென்று பிடிக்கிறது, அதுவும் காலையில் முதல் முறை மட்டும் என்றால், ஆயில் குறைவு அல்லது உள்ளே சீல்கள் இறுகி அழுத்தம் கசிகிறது. அளவைப் பார்ப்பதே முதல் வேலை. இதில் ஒன்றை மறக்காதீர்கள்: கியர்பாக்ஸ் ஆயிலைக் குடிக்காது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி நிரப்பிவிட்டு, ஒழுகும் இடத்தைத் தேடாமல் விடுவது பிரச்சினையைத் தள்ளிப்போடுவதுதான்.

கியர் மாறும் நேரத்தில் எஞ்சின் ஒரு கணம் சும்மா உறுமி, ஆர்பிஎம் எகிறி, அப்புறம் பிடிக்கிறதென்றால் அது வழுக்கல். சோலனாய்டோ அழுத்தமோ காரணமாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு உறுமலுக்கும் உள்ளே கிளட்ச் தட்டு கொஞ்சம் கருகுகிறது என்பதால் இதோடு ஓட்டுவதுதான் மிகப் பெரிய நஷ்டம். இந்த அறிகுறிக்கு மட்டும் நாள் கடத்தவே கூடாது.

அதிர்வு என்று ஒன்று உண்டு, அதைப் பலரும் எஞ்சின் கோளாறு என்று நினைத்துப் பிளக், காயில் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். 60, 70, 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி சீராகப் போகும்போது இரண்டு மூன்று விநாடி வண்டி தடதடவென்று நடுங்கும், ஆழமாக மிதித்தால் நின்றுவிடும். டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு லாக்கப் கிளட்ச் இருக்கிறது, சீரான வேகத்தில் அது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைத்துவிடும். அது சரியாகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடிப்பதுதான் இந்த நடுக்கம். நடுங்கும்போது வலது காலை ஆக்சிலேட்டரில் அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும், வண்டி மெதுவாகாமல், தொட்டுப் பாருங்கள். பின்னால் வண்டி எதுவும் வராத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும், இடது காலைப் பிரேக்கில் வைத்துப் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கையே ஓட்டச் சொல்லுங்கள். பிரேக் ஸ்விட்ச் வேலை செய்ததும் பெரும்பாலான வண்டிகளில் கம்ப்யூட்டர் லாக்கப்பை விடுவித்துவிடும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் குற்றவாளி லாக்கப் கிளட்ச், நிற்காவிட்டால் எஞ்சின் பக்கம் பாருங்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் ஆயிலை மாற்றியதோடு இது தீர்ந்துபோவதும் உண்டு. நீண்ட நாள் விட்டால் டார்க் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டியிருக்கும், அதிலிருந்து உரிந்த துகள்கள், ஆயிலை வழி பிரித்து அனுப்பும் வால்வு பாடிக்குள் போய்விட்டால் இன்னும் கஷ்டம்.

கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ இடித்தது போல் ஜெர்க் வருகிறதா, அல்லது வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் இழுக்க மறுக்கிறதா? இரண்டாவதை லிம்ப் மோடு என்பார்கள். கம்ப்யூட்டர் ஏதோ தவறு கண்டு, மேலும் சேதம் ஆகாமல் ஒரு நடு கியரில் வண்டியைக் கட்டிவைக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் கட்டளைப் பக்கக் கோளாறு, அதாவது சென்சார், சோலனாய்டு, ஒயர் கனெக்டர், சில நேரம் வெறும் பலவீனமான பேட்டரி. ஸ்கேனர் போட்டால் கோளாறைக் குறிக்கும் எண், அதாவது கோடு (code) வரும். பி0700 என்று மட்டும் வந்தால் அதற்கு அர்த்தம் "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு கோடு பதிவாகியிருக்கிறது, போய்ப் பார்" என்பதுதான், அதுவே தீர்ப்பு இல்லை. பி0715 சுழற்சி உள்ளே வரும் ஷாஃப்ட்டின் வேக சென்சார், பி0720 சுழற்சி வெளியே போகும் ஷாஃப்ட்டின் வேக சென்சார், பி0740 லாக்கப் கிளட்ச், பி0750 ஒரு ஷிஃப்ட் சோலனாய்டு. பி0730 வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கம்ப்யூட்டர் கேட்ட கியர் விகிதமும் உண்மையில் கிடைத்ததும் பொருந்தவில்லை என்று அர்த்தம், உள்ளே வழுக்கல் இருக்க வாய்ப்புண்டு. கோடை வெறுமனே அழித்துக் கொடுக்கிற இடத்தில் வேலை விடாதீர்கள். முதலில் அதை எழுதி வாங்குங்கள்.

ஆயிலைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்

டிப்ஸ்டிக் இருக்கும் வண்டி என்றால் கையேட்டில் சொன்னபடி பாருங்கள். பெரும்பாலானவற்றில் சமதளத்தில், சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும், சிலவற்றில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இப்போது வரும் பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கே இல்லை, குறிப்பிட்ட சூட்டில் அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றித்தான் அளவு பார்க்க முடியும், அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவது நல்லது.

டிப்ஸ்டிக்கை உருவி, நுனியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். புது ஆயில் பெரும்பாலும் சிவப்பு, பாட்டிலுக்குப் பாட்டில் வேறு நிறமும் உண்டு. கொஞ்சம் பழுப்பாக மாறியிருப்பது வயதுதான். கறுத்து, கருகிய வாடை அடித்தால் சூடு அதிகமாகி கிளட்ச் தட்டுகளின் உறை எரிந்து கலந்திருக்கிறது. துடைத்த இடத்தில் ஜிகினா போல் மின்னினால் உலோகம். இளஞ்சிவப்பில் பால் கலந்த மாதிரி இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம், ரேடியேட்டருக்குள்ளேயே ஆயில் குளிரும் வகை வண்டிகளில் உள்சுவர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கலாம். தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உறை உரிந்துவரும். பால் நிறத்தைப் பார்த்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பிளாட்பெட் லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை, அதாவது பானை (pan) கழற்றினால் அதில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அதன்மேல் விரலால் தடவினால் சாம்பல் நிறத்தில் குழைவாக ஒரு பூச்சு வருவது இயல்பு, எல்லா கியர்பாக்ஸும் கொஞ்சம் தேயத்தான் செய்யும். விரலில் நெருடுகிற மாதிரி துண்டு, ஊசி போன்ற சில்லு, உடைந்த பல் ஏதாவது கிடந்தால் ஆயில் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், இல்லையென்றால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த நல்ல மெக்கானிக்கும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

"இந்த ஆயில் ஆயுளுக்கும் போதும்" என்று சில கையேடுகள் சொல்லும். ஆனால் பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர் அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பானைக் கழற்றி வடித்தால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் வெளியே வரும், மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கும், அதனால் சிலர் இரண்டு மூன்று முறை இடைவெளி விட்டு மாற்றுவார்கள். நல்ல வழி அது. ஏற்கனவே நன்றாக வழுக்கிக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸை ஆயில் மாற்றிக் காப்பாற்றிவிடலாம் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

சிவிடி, ஏஎம்டி, டிசிடி

இவை ஆட்டோமேட்டிக்கின் வேறு வகைகள். இவற்றில் எது இயல்பு என்று தெரியாமலேயே நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக்கோ இயக்குகிறது. கியர் மாறும்போது தலை லேசாக முன்னும் பின்னும் ஆடுவது அதன் சுபாவம். கிளட்ச் தேய்வது மேனுவல் மாதிரியே, மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரால் வண்டியை நிறுத்தி வைத்தால் இன்னும் சீக்கிரம் தேயும். சிவிடியில் பற்சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு புல்லிகளும் நடுவே ஒரு உலோக பெல்ட்டும். மிதித்ததும் எஞ்சின் சத்தம் ஒரே இடத்தில் நின்று வேகம் மட்டும் ஏறுவது கோளாறு இல்லை. ஊளைச் சத்தம், சீரான வேகத்தில் விட்டு விட்டு உதறல், நீண்ட மேட்டில் சூடாகி இழுவை குறைவது, இவைதான் எச்சரிக்கை. சிவிடி ஆயிலில் உலோகத் துகள் நிறைய வந்தால் பெல்ட் புல்லியைக் கீறியிருக்கும், பெரும்பாலும் மாற்றுவதுதான் வழி. டிசிடியில் கிளட்ச் இரண்டு. ஆமை வேக நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால், குறிப்பாக ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் வகையில், சூடாகி உதறும். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, நின்று, பிறகு நகர்ந்தால் ஆயுள் கூடும்.

கியர்பாக்ஸ் மேல் விழும் பொய்ப்பழிகள்

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தேவையில்லாமல் இறக்கப்படும் கியர்பாக்ஸ்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் சாய்க்கும்போது கூடி மறுபக்கம் குறைந்தால், சக்கர பேரிங். முழுசாகத் திருப்பும்போது டக் டக் என்றால் ஆக்சில் மூட்டு. டிரைவுக்கு மாற்றும்போது டங் என்று ஒரு அடி விழுந்தால் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கலாம். பார்க்கிலிருந்து லிவர் நகரவே இல்லை என்றால் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், எரியவில்லை என்றால் அந்தச் சின்ன ஸ்விட்ச்தான் காரணமாக இருக்கும். எஞ்சின் ஒரு சிலிண்டரில் சரியாக எரியாவிட்டாலும் கியர்பாக்ஸ் நடுங்குவது போலவே இருக்கும்.

சரி, பழுது பார்ப்பதா மாற்றுவதா?

இறக்காமலே முடியும் வேலைகளை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்: ஆயில், ஃபில்டர், கேபிள், மவுண்ட், சென்சார், கனெக்டர், பல வண்டிகளில் சோலனாய்டும் வால்வு பாடியும்கூடப் பானைக் கழற்றினாலே கைக்கு எட்டும். இவற்றைப் பார்க்காமல் "இறக்கணும்" என்று சொன்னால் கேளுங்கள்: "என்ன கோடு வந்ததுங்க? ஆயில் எப்படி இருந்தது? அழுத்தம் அளந்தீங்களா? மவுண்ட் பார்த்தீங்களா?" இதற்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் இன்னொரு இடத்தில் காட்டுவதில் தவறே இல்லை.

இறக்க வேண்டும் என்று உறுதியானால் கணக்கு மாறுகிறது. இறக்கி ஏற்றும் கூலி, உள்ளே ஒரு பாகம் மாற்றினாலும் ஐந்து பாகம் மாற்றினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இறக்கியிருக்கும்போது விலை குறைந்த சீல், ரிலீஸ் பேரிங் போன்றவற்றைச் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஒரு சிங்க்ரோ, ஒரு பேரிங், ஒரு கிளட்ச் தொகுதி என்று குறை ஓரிடத்தில் இருந்தால் பழுது பார்க்கலாம். வெளிக்கூடு விரிசல் விட்டிருந்தால், பல் உடைந்து துகள் எல்லா இடத்துக்கும் போயிருந்தால், பல கிளட்ச் தொகுதிகள் ஒரே நேரத்தில் கருகியிருந்தால், உதிரிபாகம் கிடைக்காவிட்டால் மாற்றுவதே மேல்.

மாற்றுவதிலும் வழிகள் உண்டு. புதியதுக்கு விலை அதிகம். தொழிற்சாலையில் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, சோதித்து வரும் மறுசீரமைத்த யூனிட் உத்தரவாதத்தோடு வரும், என்னைக் கேட்டால் பெரும்பாலோருக்கு இதுதான் பொருந்தும். இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியது மலிவு, ஆனால் அதன் பழைய கதை யாருக்கும் தெரியாது. அதை எடுத்தால் மாடல் பெயரை மட்டும் நம்பாமல் கியர்பாக்ஸ் மேல் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்தும் உங்களுடையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், ஒரே மாடலிலேயே வேறு வேறு கியர் விகிதங்கள் உண்டு. பாடியும் எஞ்சினும் திடமாக இருந்து, இன்னும் பல வருஷம் வைத்திருப்பீர்கள் என்றால் செலவு செய்யலாம். எஞ்சினும் ஆயில் குடிக்கிறது, அடிப்பாகமும் துருப்பிடித்திருக்கிறது என்றால் அந்தப் பணத்தை அதில் போடாதீர்கள்.

வண்டியைக் கொண்டுபோவதிலும் கவனம் தேவை. பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில் உள்ளே ஆயிலை ஓட்டும் பம்பைச் சுற்றுவது எஞ்சின்தான். எஞ்சின் அணைந்த நிலையில் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துக்கொண்டு போனால், உள்ளே ஆயில் இல்லாமலே எல்லாம் சுற்றும், சின்னக் கோளாறோடு நின்ற வண்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்போது பெரிய கோளாறோடு இருக்கும். முழு வண்டியும் மேலே ஏறும் பிளாட்பெட் லாரியை வரச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸை மாற்றியபின் ஆயில் கூலரையும் அதன் குழாய்களையும் நன்றாகக் கழுவினார்களா, அல்லது மாற்றினார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய கியர்பாக்ஸின் உலோகத் துகள் அங்கேதான் தங்கியிருக்கும், விட்டால் புது யூனிட்டுக்குள் நேராகப் போய்ச் சேரும். கம்ப்யூட்டருக்கும் புது கிளட்சுகளைப் பழக்கப்படுத்த வேண்டும், ஸ்கேனர் மூலம் பழைய அளவுகளை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள், முதல் சில நாள் கியர் மாற்றம் கொஞ்சம் முரடாக இருந்து தானாகச் சரியாவது உண்டு. ஒரு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் அளவும் கசிவும் பார்க்கச் சொல்லுங்கள். உத்தரவாதத்தை வாங்கும்போது அது யூனிட்டுக்கு மட்டுமா, மறுபடி இறக்கி ஏற்றும் கூலிக்கும் சேர்த்தா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.